ஓரத்தில் கசியும் சிவப்பு: கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நிறத்தை மட்டும் விட்டுவைத்த அனுபவம்

படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, அதில் ஒரு பொருள் மட்டும் கலரில் நிற்கும். இந்த வகைப் படங்களைச் சில வருடங்களாக ஜிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளில் செய்துவருகிறேன். போன வாரம் ஒரு தோழி கேட்டாள்: "மொபைலில் ஒரு பட்டனைத் தட்டினாலே இது வந்துவிடுகிறதே, நீ எதற்கு இவ்வளவு நேரம் உட்கார்ந்து மெனக்கெடுகிறாய்?" நியாயமான கேள்விதான். இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் நான் அனுப்பிய படம் அவளுடைய திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தபிறகு இரண்டு வரி போதாது என்று தோன்றிவிட்டது. சிவப்புக் குடையைச் சுற்றி வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு படலம். நான் அனுப்பியபோது அது கிடையாது.

முதலில் அந்தப் பட்டனுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஆளை அடையாளம் கண்டு பின்னணியைச் சாம்பலாக்கும் வேலையை இப்போதைய ஆப்கள் நொடியில் முடிக்கின்றன. ஒரே ஆள், நெருக்கடி இல்லாத பின்னணி, நல்ல வெளிச்சம் என்றால் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் குடை மட்டும் வேண்டும், ஆள் வேண்டாம் என்றால் பெரும்பாலும் கைவிரித்துவிடும். நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆப்களும் உண்டு. அவற்றில் சிவப்பைத் தொட்டால் எல்லாச் சிவப்பும் மிஞ்சும்: குடையோடு சேர்ந்து உதடு, காது மடல், தூரத்தில் நிற்கும் வண்டியின் பின்விளக்கு. மனிதத் தோல் எந்த நிறமானாலும் அதில் சிவப்பும் ஆரஞ்சும் கலந்தே இருக்கும். அதனால் சிவப்புப் பொருளும் முகமும் சேர்ந்து வரும் படத்துக்கு இந்த வழி சரிப்படாது. நீலம், பச்சை என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மற்றதெல்லாம் மாஸ்க் வேலைதான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படத் தாள்கள்தான் லேயர்கள்; ஒரு லேயரின் எந்த இடம் தெரியலாம், எது மறையவேண்டும் என்று சொல்லும் திரைதான் மாஸ்க். மேலே கறுப்பு வெள்ளை லேயர், கீழே கலர், மேல் லேயருக்கு ஒரு மாஸ்க். மாஸ்கில் கறுப்பைப் பூசிய இடத்தில் கீழேயுள்ள கலர் எட்டிப்பார்க்கும். தவறிப்போனால் வெள்ளையைப் பூசி மூடிவிடலாம். இதில் ஜிம்ப் எனக்கு ஒருநாளும் குறை வைத்ததில்லை. 2018-ல் வந்த 2.10 பதிப்பில் கறுப்பு வெள்ளையாக்க ஐந்து கணக்குகளைத் தந்தார்கள். 2025 மார்ச்சில் வந்த 3.0-ல் அந்த மாற்றத்தை லேயரின் மேல் கழற்றிமாட்டும் வடிப்பானாகவே வைத்துக்கொள்ள முடிகிறது. நாளைக்கு மனம் மாறினால் எண்களை மட்டும் திருத்தினால் போதும். இத்தனையும் இலவசம். பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கப்படும் எந்த மென்பொருளிலும் இந்த ஒரு வேலைக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தேவைப்பட்டதில்லை.

சரி, இனி ஓரம்.

எவ்வளவு பொறுமையாக மாஸ்க் வரைந்தாலும் பொருளின் விளிம்பில் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்துக்கு நிறம் வெளியே சிந்தியிருக்கும், அல்லது உள்ளே வெளுத்திருக்கும். பிரஷ்ஷைச் சின்னதாக்கினாலும் போகாது. காரணம் கேமராவிலேயே தொடங்குகிறது. கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சில்லான சென்சார்களில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரே ஒரு நிற வடிகட்டிதான் இருக்கும். நான்கு பிக்சலில் இரண்டு பச்சையைப் பார்க்கும், ஒன்று சிவப்பை, ஒன்று நீலத்தை. 1976-ல் கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. சிவப்பின் எல்லை எங்கே முடிகிறது என்பதைக் கேமரா நான்கில் ஒரு பிக்சலில்தான் நேரடியாகப் பார்க்கிறது. மற்ற மூன்றுக்கும் அக்கம்பக்கத்தை வைத்துக் கணிக்கிறது. ஆக, நாம் மாஸ்க்கைத் திறப்பதற்கு முன்பே அந்த ஓரம் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கிறது.

அடுத்தது ஜேபெக் (JPEG), படக்கோப்பைச் சுருக்கிச் சேமிக்கும் முறை. என் கோபமெல்லாம் இதன்மேல்தான். நம் கண் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை மிக நுணுக்கமாகப் பார்க்கும், நிறத்தின் ஏற்ற இறக்கத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. 1992-ல் தரமாக வெளியான ஜேபெக் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. படத்தை வெளிச்சம் தனி, நிறம் தனி என்று பிரித்து, வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொள்கிறது. நிறத்தை மட்டும், பெரும்பாலான மென்பொருள்களின் வழக்கமான அமைப்பில், இரண்டுக்கு இரண்டு என்ற நான்கு பிக்சல் சதுரத்துக்கு ஒன்று என்று குறைத்துவிடுகிறது. இதற்கு 4:2:0 என்று பெயர். பிறகு எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. நிறம் ஏற்கெனவே நீளத்திலும் அகலத்திலும் பாதியாகிவிட்டதால், ஒரு நிறக் கட்டம் அசல் படத்தில் 16-க்கு 16 பிக்சலை மூடுகிறது. அந்தக் கட்டத்தின் ஒரு மூலையில் கொஞ்சம் சிவப்பு இருந்தால் மறு மூலைவரை அதன் சாயல் பரவ வழியிருக்கிறது.

சாதாரணக் கலர்ப் படத்தில் இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. சிவப்பின் பக்கத்தில் ஒரு பச்சையோ பழுப்போ இருக்கும், சிந்திய நிறம் அதற்குள் கரைந்துவிடும். நம்முடைய படத்தில் பக்கத்தில் இருப்பது சுத்தமான சாம்பல். சாம்பலில் துளி ரோஜா ஏறினாலும் கண் உடனே பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டு எறிந்த தகவல், கண்ணுக்கு மிக நன்றாகத் தெரியும் ஒரே வகைப் படத்தை நாம் செய்துகொண்டிருக்கிறோம். எழுதும்போதே எரிச்சல் வருகிறது. யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. ஜேபெக்கை வகுத்தவர்கள் சரியாகத்தான் வகுத்தார்கள். அது இல்லாமல் உலகத்தின் படங்கள் இத்தனை எளிதாகக் கைமாறியிருக்காது.

ஜிம்ப்பில் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது 4:4:4 என்று வைத்தால் நிறமும் ஒவ்வொரு பிக்சலுக்கும் போய்ச் சேரும். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை. எந்தத் தகவலையும் எறியாத பிஎன்ஜி (PNG) கோப்பாகச் சேமித்தால் இந்தத் தொல்லையே கிடையாது. ஆனால் அந்தப் படத்தைச் செய்திச் செயலியில் படமாகவே அனுப்பினால், போகிற வழியில் அது மறுபடி சுருக்கப்படும். தோழிக்குப் போன குடை அப்படித்தான் கசிந்தது.

இந்தக் கசிவோடு மல்லுக்கட்டியதில்தான் எதிர்பாராத ஒரு சந்தோஷமும் கிடைத்தது. அதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

மாஸ்க் ஓரத்தில் பிக்சல் பிக்சலாகச் சண்டை போடுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒரு லேயரை வைத்து அது கீழேயுள்ள படத்தோடு கலக்கும் முறையைக் 'கலர்' என்று மாற்றிக்கொண்டேன். குடையின் சிவப்பையே எடுத்து ஓரத்தில் மெல்லிய பிரஷ்ஷால் பூசினால், நிறம் மட்டும் ஏறுகிறது. வெளிச்சமும் நிழலும் துணியின் மடிப்பும் அடியில் உள்ள படத்திலிருந்தே வருகின்றன. வெளுத்துப்போன ஓரம் நிரம்பிவிடுகிறது. முடியிழை, கம்பளி நூல், இலையின் பல் விளிம்பு போன்ற இடங்களில் மாஸ்க் செய்ய முடியாததை இது செய்துவிடுகிறது. அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்குக் கையால் வண்ணம் ஏற்றியவர்கள் செய்ததும் இதைத்தான்.

இங்கே ஒரு பழைய கதை பொருந்தும். 1925-ல் எடுத்த 'போர்க்கப்பல் பொட்டம்கின்' என்ற சோவியத் கறுப்பு வெள்ளைப் படத்தில் கப்பலில் ஏறும் சிவப்புக் கொடியை, வெள்ளைக் கொடியாகவே படம் பிடித்துப் பிறகு பிலிமில் ஒவ்வொரு பிரேமாகக் கையால் சிவப்புப் பூசினார்கள். அப்போதைய பிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. நிஜச் சிவப்புக் கொடியைக் காட்டியிருந்தால் கறுப்பாக விழுந்திருக்கும், கறுப்பின் மேல் எந்த வண்ணமும் ஏறாது. நிறம் உட்கார அடியில் வெளிச்சம் வேண்டும். இது புரிந்தபிறகு நான் கலரை விட்டுவிட்டுச் சாம்பலைப் பார்க்கத் தொடங்கினேன்.

சாம்பலில் உள்ள விஷயம் கொஞ்சநஞ்சமல்ல. கலப்பில்லாத ஒரு சிவப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பலில் 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. ஜிம்ப்பின் 'லூமா' கணக்கில் அதைச் சாம்பலாக்கினால் 255-ல் சுமார் 55 வரும், கிட்டத்தட்டக் கரி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் சராசரியில் 85, மூன்றில் பெரியதற்கும் சிறியதற்கும் நடுவே எடுக்கும் எச்எஸ்எல் கணக்கில் 127-ஐ ஒட்டி, பெரியதை மட்டும் எடுக்கும் எச்எஸ்வி கணக்கில் 255, அதாவது வெள்ளை. ஒரே நிறம், கரியிலிருந்து வெள்ளைவரை! மூன்று நிறங்களின் பங்கையும் நாமே முடிவுசெய்து சாம்பலாக்கும் மோனோ மிக்ஸரில் சிவப்பின் பங்கைக் கூட்டினால் முகம் ஒளிரும், தழும்புகள் அடங்கும். நீல வானம் இருண்டு மேகம் துருத்திக்கொண்டு வரும். நீலத்தின் பங்கைக் கூட்டினால் முகத்தின் ஒவ்வொரு புள்ளியும் வெளியே வரும். வயதானவர்களின் கைகளுக்கு நான் இதைத்தான் வைப்பேன், அந்த ரேகைகள் மறையக்கூடாது.

ஆனால் இங்கேயும் ஓரம் குறுக்கே வருகிறது. மிக்ஸரால் சாம்பலின் வெளிச்சத்தை மாற்றியதும் கலர்ப் பகுதிக்கும் சாம்பலுக்கும் நடுவே நிறம் மாறுவதோடு வெளிச்சமும் படியாக ஏறி இறங்கும். மாஸ்க்கின் மென்மையான விளிம்பு அங்கே ஒரு வெள்ளைக் கோடாகவோ கறுப்புக் கோடாகவோ துலங்கும். கண்ணின் கணக்கான 'லூமினன்ஸ்' முறையில் சாம்பலாக்கினால் இரண்டு பக்கமும் வெளிச்சம் ஒன்றாக இருக்கும், தையல் தெரியாது. ஆனால் படம் சப்பென்று இருக்கும். நான் இப்போது விளிம்பை ஒட்டி லூமினன்ஸ் சாம்பலும் அதைத் தாண்டி மிக்ஸர் சாம்பலுமாக இரண்டு லேயர் வைக்கிறேன். வேலை இரட்டிப்பு, பலனும் கண்ணெதிரே தெரிகிறது.

எதிரொளியையும் விடக்கூடாது. ஈரத் தரையில் குடையின் சிவப்பு விழுந்திருந்தால் அதையும் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். குடை சிவப்பாகவும் அதன் பிம்பம் சாம்பலாகவும் இருந்தால் பார்ப்பவருக்குக் காரணம் புரியாமலே படம் பொய்யாகத் தோன்றும். பட்டன்கள் பிம்பத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை.

ஆக, கருவிக்கு முழு மதிப்பெண். கற்றுக்கொண்டதற்கும் முழு மதிப்பெண். ஆனாலும் இதைப் புதிதாகத் தொடங்கலாமா என்று யாராவது இன்றைக்குக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்யும் அந்த ஒரு பிக்சல் ஓரம், பார்ப்பவரின் கைக்குப் போகும்போது இருக்காது. மற்றப் படங்கள் சுருக்கத்தைத் தாங்கிக்கொள்கின்றன, இந்த வகை தாங்குவதில்லை. அடுத்த வாரம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லக்கூடும்; இன்றைக்கு என் பதில் இதுதான்.

அதையும் மீறித் தொடங்குபவர்களுக்கு: கலரில் நிற்கப்போகும் பொருளைச் சுற்றி இருட்டாக உள்ள படத்தைத் தேர்ந்தெடுங்கள். இருட்டின் மேல் கசியும் நிறம் கண்ணில் படுவது குறைவு. வெள்ளைச் சுவர், மேகமூட்டமான வானம் இரண்டும்தான் ஆகவே ஆகாது. நிறத்தின் அடர்த்தியை ஒரு படி குறைத்துவையுங்கள். யாருக்காவது அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அப்புறம், ஜிம்ப் லேயர்களோடு சேமிக்கும் எக்ஸ்சிஎஃப் (XCF) கோப்பை அழித்துவிடாதீர்கள்.