ஞானப்பல் அறுவை சிகிச்சை: ஒரு தனியார் பல் மருத்துவமனையின் சேவை பற்றி

ஈறுக்குள் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை எடுத்துக்கொண்டவர்களிடம் எல்லோரும் கேட்பது வலித்ததா, இல்லையா என்பதைத்தான். மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்தால் நாற்காலியில் இருக்கும்வரை வலி தெரியாது. எனவே அந்தக் கேள்வியில் ஏறத்தாழ எல்லா மருத்துவமனைகளும் தேறிவிடும். சிகிச்சைக்கு முன் என்ன விளக்கினார்கள், வீடு திரும்பிய மூன்றாம் நாள் தொலைபேசியை எடுத்தார்களா என்ற இரண்டையும் வைத்தே இந்தச் சேவையை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. நான் கீழ் இடது ஞானப்பல்லை எடுத்துக்கொண்ட சென்னைத் தனியார் மருத்துவமனை முதலாவதில் மிகச் சிறப்பாகவும் இரண்டாவதில் மோசமாகவும் நடந்துகொண்டது.

அதன் பெயரைச் சொல்வதால் படிப்பவர்களுக்குப் பெரிய பயன் இல்லை. நம் ஊர்களில் சிறிய பல் மருத்துவமனைகள் பலவற்றில் இந்த அறுவை சிகிச்சையைச் செய்பவர் அங்கேயே இருக்கும் பல் மருத்துவர் அல்லர். வாய் மற்றும் முகத்தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் முடித்த ஒருவர், குறித்த நாள்களில் பல இடங்களுக்கும் சென்று செய்துவிட்டுப் போகிறார். ஆகவே பல்லை எடுக்கப்போகிறவர் யார், எந்த நாளில் வருகிறார், பின்னர் புண்ணை அவரே பார்ப்பாரா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. நான் கேட்டபோது வரவேற்பில் இருந்தவர் முகம் சுளிக்கவில்லை. நிபுணரை முன்கூட்டியே சந்திக்கவும் ஏற்பாடு செய்து கொடுத்தார்.

அந்தச் சந்திப்புதான் இந்த மருத்துவமனையின் பலம். இரு தாடைகளும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, ஞானப்பல் நிமிராமல் தனக்கு முன்னுள்ள கடைவாய்ப்பல்லின் மீது சாய்ந்து முட்டிக்கொண்டிருப்பதையும், இரண்டுக்கும் இடையில் உணவு தங்கி அந்தக் கடைவாய்ப்பல்லின் பின்புறம் சொத்தையாகத் தொடங்கியிருப்பதையும் அவர் பேனா முனையால் காட்டினார். ஈறு அடிக்கடி வீங்கி வாயைத் திறக்க முடியாமல் போனதற்கு, பாதி வெளிவந்த பல்லை மூடியிருந்த ஈறுமடலுக்கடியில் கிருமி சேர்ந்ததே காரணம் என்றார். அதைவிட முக்கியமானது, கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பின் கால்வாய் பல்லின் வேரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அவர் விளக்கியது. அந்த நரம்பு அடிபட்டால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகலாம். நாக்கு நரம்பு அடிபட்டால் நாக்கில் உணர்ச்சியும் சுவையும் குறையலாம். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும் என்றாலும் அரிதாக நிலைத்தும் விடும். பல்லின் வேர் அந்த நரம்புக் கால்வாயைத் தொடுவதுபோல் தெரிந்திருந்தால் முப்பரிமாணப் படமான சி.பி.சி.டி. எடுக்கச் சொல்லியிருப்பேன், இப்போது அது தேவையில்லை என்றார். தேவையில்லாத படத்துக்கு எழுதிக்கொடுக்காத மருத்துவரை நம்பலாம் என்று அப்போதே தோன்றியது.

வலப்பக்கத்திலும் ஒரு பல் புதைந்திருக்கிறது. தொல்லை தராதவரை அதை விட்டுவைத்து, அவ்வப்போது படமெடுத்துப் பார்த்தால் போதும் என்றார். நோய் எதுவும் இல்லாத புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. எல்லா நாடுகளிலும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. எனினும் நான்கையும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி என்று சொல்பவர்களிடம், நோயில்லாத பல்லை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

அறுவை சிகிச்சை என்றதும் வெறும் வயிற்றோடு வருபவர்கள் உண்டு. மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்யும் சிகிச்சைக்கு அது தேவையில்லை. பின்னர் சில மணி நேரம் சாப்பிட முடியாது என்பதால் இலேசாக உண்டுவிட்டு வரும்படி சொல்லியிருந்தார்கள். சர்க்கரை நோய், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை இரண்டு முறை விசாரித்தார்கள். ஊசி போட்டதும் நெஞ்சு சற்றுப் படபடத்தது. இரத்தக்கசிவைக் குறைக்கவும் மரத்த நிலையை நீட்டிக்கவும் மருந்தோடு சேர்க்கும் அட்ரினலினால் அப்படி ஆகும், சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்று அவர் முன்னரே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. கீழுதட்டின் பாதி தடித்ததுபோல் ஆன பிறகு, கூரிய கருவியால் ஈறைத் தொட்டுச் சோதித்துவிட்டே கத்தியை எடுத்தார். ஈறை விலக்கி, உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே எலும்பைச் சிறிது குடைந்து, பல்லை முழுதாகப் பெயர்க்காமல் துண்டுகளாக வெட்டி எடுத்தார். தாடையை யாரோ அழுத்தித் தள்ளுவது தெரியும். டிரில் ஓடும் சத்தம் எலும்பின் வழியாக மண்டைக்குள்ளேயே கேட்கும். நிறையப் பேர் மிரள்வது அந்தச் சத்தத்துக்குத்தான்.

கையில் கொடுத்த தமிழ்த் தாள் தெளிவாக இருந்தது. காஸ் துணியை அரைமணி நேரத்துக்கும் மேலாகக் கடித்திருக்க வேண்டும். முதல் நாள் துப்பவோ கொப்பளிக்கவோ கூடாது. கன்னத்தின் மேல் ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். புகைக்கக் கூடாது என்பதோடு, மெட்ரோநிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எடுக்கும் நாள்களில் மது கூடாது என்பதையும் அச்சிட்டிருந்தார்கள். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது என்பதும் அதில் இருந்தது. நலம் விசாரிக்க வருபவர்கள் கொண்டுவரும் இளநீரைத் தம்ளரில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். ஆறிய ராகிக் கஞ்சியும் குழைத்த தயிர்சாதமும் போதுமானவையாக இருந்தன. வீக்கம் உடனே உச்சத்துக்குப் போகாது, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் அதிகமாகும் என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கலாம்.

குறை அதற்குப் பிறகு தொடங்கியது. வெள்ளிக்கிழமை பல்லை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காதுவரை இழுக்கும் வலி வந்து, மாத்திரைக்கு அடங்காமல் வாயில் கெட்ட வாடையும் சேர்ந்தது. தாளில் அச்சிட்டிருந்த அவசர எண்ணை யாரும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்கு, மருந்தைத் தொடருங்கள் என்ற ஒற்றை வரி இரவில் வந்தது. திங்கள்கிழமை நேரில் சென்றபோது, பல் இருந்த குழியில் இரத்தக்கட்டி நிலைக்காமல் எலும்பு வெளியே தெரிகிறது, இதைத்தான் ட்ரை சாக்கெட் என்பார்கள் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். குழியைக் கழுவி, கிராம்பு வாடை வீசும் மருந்துத் திரியை வைத்ததும் சிறிது நேரத்தில் வலி தணிந்தது. எல்லா விதிகளையும் கடைப்பிடித்தவர்களுக்கும் ட்ரை சாக்கெட் வரலாம் என்பதால் அதற்காக நான் யாரையும் குறைகூறவில்லை. இவ்வளவு எளிதாகத் தீரும் வலிக்கு ஓர் இரவு முழுவதும் காத்திருக்க வைத்ததுதான் குற்றம்.

கட்டணம் 8,000 ரூபாய் என்றார்கள். எக்ஸ்ரே, மருந்து, மறுவருகை எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தாண்டியது. எதெல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கும் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. விபத்தால் ஏற்படாத பல் சிகிச்சையைப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை. செலவு இயலாதவர்களுக்குச் சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தின் அருகே, 1953இல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காத்திருக்க நேரிடும், ஆனால் வாய், முகத்தாடை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு அங்கு உண்டு.

வலப்பக்கப் பல் என்றாவது தொல்லை தந்தால் அதே நிபுணரிடமே செல்வேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே கதவு பூட்டியிருக்கும் என்பதால், மூன்றாம் நாள் வேலைநாளில் வரும்படி திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை நேரம் கேட்பேன்.