வெப்பன்ஸா, சூப்பர்மேனா?

2025 ஜூலையில் ஜேம்ஸ் கன்னின் 'சூப்பர்மேன்', அடுத்த மாதமே சாக் கிரெக்கரின் திகில் படம் 'வெப்பன்ஸ்'. இரண்டையும் வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ்தான். ஒன்றை மட்டும் மறுபடி பார்க்கலாம் என்றால் என் ஓட்டு திகில் படத்துக்கு.

அதிகாலை 2:17. ஒரே வகுப்பைச் சேர்ந்த 17 பிள்ளைகள் கதவைத் திறந்து இருட்டுக்குள் ஓடுகிறார்கள். கைகளை இருபுறமும் விறைப்பாக விரித்தபடி ஓடும் அந்த ஓட்டம்தான் படம். ரத்தம் இல்லை, அலறல் இல்லை, ஆனாலும் வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் ஆசிரியை, ஒரு பையனின் அப்பா, போலீஸ்காரர் என்று ஆள் மாற்றி ஆள் மாற்றிக் கதை நகர்கிறது. ஒருவர் கண்ணில் சாதாரணமாகப் பட்டது இன்னொருவர் பக்கம் போனதும் பகீர் என்கிறது. கடைசியில் பயமும் சிரிப்பும் ஒன்றாக வருகின்றன. அது எல்லோருக்கும் பிடிக்காதுதான்.

சூப்பர்மேனும் மோசமில்லை. தோற்றுப்போய்ப் பனியில் விழுந்து கிடப்பவர் விசில் அடிக்க, கிரிப்டோ நாய் பாய்ந்து வந்து அவரையே புரட்டி எடுக்கிறது, அருமையான தொடக்கம். அவருடைய காதலியான நிருபர் லோயிஸ் அவரைப் பேட்டி எடுத்து, ஒரு போரை யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று மடக்கும் காட்சி அதைவிட நன்று. சண்டைக் காட்சி எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் ஆட்கள் அதிகம். ஒருவரோடு ஒட்டுவதற்குள் அடுத்தவர் பறந்து வந்துவிடுகிறார். நகரமே பிளக்கும்போது எனக்குக் கொட்டாவி வந்தது.

வீட்டில் குழந்தைகள் கூட உட்காருகிறார்களா? அப்படியென்றால் சரி, சூப்பர்மேனையே போடுங்கள்.