அப்பாவின் 486 கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கக் கொடுத்து ஏமாந்தேன். நீங்கள் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும், அதைச் சரிசெய்ய யாரிடமாவது கொடுக்கலாம் என்று யோசிப்பவர்களும் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். எனக்கு 18,500 ரூபாய் போனது. பணத்தைக்கூட மறந்துவிடலாம். அதோடு சேர்ந்து போன ஒரு பொருளை இனி எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாது.

அப்பா மன்னார்குடியில் டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் நடந்தது. 1995-இல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து பஸ்ஸில் கொண்டுவந்த இன்டெல் 486 டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ். 8 எம்.பி. ராம், கானர் நிறுவனத்தின் 420 எம்.பி. ஹார்ட் டிஸ்க். விலை குறைந்த எஸ்எக்ஸ் சிப் வாங்கியிருக்கலாம். ஆனால் எஸ்எக்ஸில் கணக்குப் போடும் கோப்ராசசர் வேலை செய்யாது, டிசைன் செய்யும் கோரல்டிரா ஊர்ந்துதான் போகும் என்று யாரோ சொல்ல, அப்பா கடன் வாங்கி டிஎக்ஸ்2 போட்டார். அந்தக் கடனை அடைக்க ஒன்றரை வருஷம் ஆனது என்று இப்போதும் சொல்வார்.

சென்டரை மூடிய பிறகு அது பரணுக்குப் போனது. போன வருஷம் இறக்கினேன். ஃபேன் சுற்றியது, ஹார்ட் டிஸ்க் சுற்றும் சத்தமும் நன்றாகக் கேட்டது, திரையில் எழுத்து வந்தது. கீபோர்டு மட்டும் வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் பயாஸ் தன் செட்டிங்கை எல்லாம் மறந்துபோய் எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றது. அழுத்த வழியில்லை.

அந்தக் காலத்து மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்குக் காரணம் உடனே தெரிந்திருக்கும். போர்டிலேயே பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள், 3.6 வோல்ட். வருஷக்கணக்கில் கிடந்தால் அது கசியும். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. செம்புத் தடங்களை அரித்துப் பச்சை பூக்க வைத்துவிடும். பேட்டரி பெரும்பாலும் கீபோர்டு சொருகும் மூலையில்தான் இருக்கும் என்பதால் முதலில் சாவது கீபோர்டுதான். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று கிடந்தால், அதை ஓட்டும் எண்ணமே இல்லாவிட்டாலும் அந்தப் பேட்டரியை மட்டும் இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள்.

எனக்குச் சால்டரிங் வராது. வீடியோக்களில் பழைய கம்ப்யூட்டர்களைப் பளபளவென்று காட்டும் ஒரு சென்னைக்காரரைப் பிடித்தேன். பெயரும் கடையும் இங்கே சொல்லப்போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அவர் கடை ரிச்சி தெருவில் இல்லை, அங்கே இருப்பவர்களை யாரும் சந்தேகிக்க வேண்டாம். போனில் நன்றாகப் பேசினார். பேட்டரிக் கசிவைச் சுத்தம் செய்து, தடங்களை ஒட்டி, மஞ்சள் பிடித்த முகப்பை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, ராமை 16 எம்.பி. ஆக்கி, கூடுதலாக ஒரு 4 ஜிபி மெமரி கார்டும் போட்டுத் தருவதாகச் சொன்னார். "நீங்க எதையும் கழற்றாதீங்க சார். அப்படியே கொண்டுவாங்க. தெரியாம தொட்டா டிஸ்க் போயிடும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் நம்பியிருக்கக் கூடாது.

காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் என்றது மூன்று மாதம் ஆனது. பணத்தை மூன்று தவணையாக ஜிபே-யில் அனுப்பினேன். பில் கேட்டபோதெல்லாம் "டெலிவரி அன்னிக்குத் தரேன்" என்றார்.

திரும்பி வந்தபோது பார்க்க அழகாக இருந்தது, அதை மறுக்க முடியாது. முகப்பில் 66 என்று பச்சை எண் எரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்தார். ராம் எண்ணி முடித்து, அந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸ் ஏறுவதற்கு முன் பயாஸ் ஒரு கட்டம் போட்டுக் காட்டுமே, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடு" என்றார். போட்டேன். "நியூமெரிக் ப்ராசசர்னு ஒரு வரி வருதே, அதுல பிரசென்ட்னுதான்டா வரும். தினமும் காலையில பாத்திருக்கேன். இதுல 'நன்'னு வருது, அதாவது அந்தக் கோப்ராசசர் இல்லைன்னு."

நான் 66 எரிவதைக் காட்டினேன். அப்பா தலையசைத்தார். "அது சும்மா. ஜம்பர்ல வைக்கிறது."

இதை நிறையப் பேர் அறியமாட்டார்கள், நானும் அறியவில்லை. அந்தக் கேஸ்களின் முகப்பில் எரியும் எண் வேகத்தை அளப்பதில்லை. அந்தச் சின்னப் பலகையின் பின்னால் உள்ள ஜம்பர்கள் என்ற சின்னச் செருகிகளை எப்படிச் செருகுகிறோமோ அந்த எண் எரியும், அவ்வளவுதான். 99 என்று வைத்தால் 99 எரியும். உள்ளே எந்தச் சிப் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இந்த மாதிரிக் கம்ப்யூட்டரை விலைக்கு வாங்குகிறவர்களும் அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

எங்கள் தெருவில் முப்பது வருஷமாக டிவி ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்துவந்து கேஸைத் திறந்தோம். அப்பா மதர்போர்டோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் எந்த ஜம்பர் எங்கே இருக்க வேண்டும் என்று அசெம்பிள் செய்தவர் பென்சிலில் வட்டமிட்டுக் கொடுத்திருந்தார். ஒப்பிட்டுப் பார்த்தோம். சிப் வகையைச் சொல்லும் ஜம்பர்கள் டிஎக்ஸ் இடத்திலிருந்து எஸ்எக்ஸ் இடத்துக்கு நகர்ந்திருந்தன. கைதவறி நடக்கிற காரியம் இல்லை அது. ப்ராசசர் மேல் முன்பு கிளிப்பில் மாட்டும் ஹீட் சிங்க் இருந்தது. இப்போது வேறொன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், மேலே உள்ள எழுத்தைப் படிக்க முடியாதபடி. சாக்கெட்டின் நெம்பைத் தூக்கிச் சிப்பை வெளியே எடுத்து, ஹேர் டிரையரில் சூடாக்கி, நைலான் நூலை இடையில் விட்டு மெதுவாக அறுத்து எடுத்தார் அண்ணன். அடியில் 486எஸ்எக்ஸ்-33.

டாஸ் காலத்து விளையாட்டுகளுக்காகப் பழைய கம்ப்யூட்டர் சேர்ப்பவர்கள் தேடித்தேடி வாங்குவது டிஎக்ஸ்2-66. எஸ்எக்ஸை யாரும் கேட்பதில்லை. எங்களுடையதை எடுத்துக்கொண்டு பாதி வேகச் சிப்பைச் சொருகி, மேலே 66 எரியவிட்டு அனுப்பிவிட்டார்.

பேட்டரி விஷயம் இதைவிட மோசம். கசிவைச் சுத்தமே செய்யவில்லை. காரம் என்பதால் முதலில் வெள்ளை வினிகர் தொட்டு அதை முறிக்க வேண்டும். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அதற்கப்புறம்தான் அரித்துப்போன தடத்துக்குக் கம்பி ஒட்ட வேண்டும். இவர் பச்சையின் மேலேயே வார்னிஷ் அடித்திருந்தார். கீபோர்டுக்கு மட்டும் ஒரு ஒட்டுக் கம்பி. அது சரியாகப் பதினாறாம் நாள் நின்றுபோனது.

பழைய பேட்டரி இருந்த இடத்தில் சிஆர்2032 காயின் செல்லுக்கு ஹோல்டர் வைத்திருந்தார். பார்த்தால் நல்ல மாற்றம் போலத் தோன்றும். ஆனால் அந்த இடத்தில் போர்டு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், பழைய பேட்டரி சார்ஜ் ஏறுகிற வகை என்பதால். காயின் செல் சார்ஜ் ஏறக் கூடாத லித்தியம் செல். நடுவில் ஒரு டயோடு போட்டு அந்த மின்சாரத்தைத் தடுக்காவிட்டால் செல் உப்பும், கசியும், வெடிக்கவும் கூடும். பத்து ரூபாய்கூட ஆகாத டயோடு, அதைப் போடவில்லை.

எனக்குக் கை நடுங்கியது இன்னொன்றைப் பார்த்தபோது. இந்தப் பழைய ஏடி கேஸ்களில் முகப்பில் உள்ள பவர் ஸ்விட்ச் வரைக்கும் நேராக 230 வோல்ட் வருகிறது. இப்போதைய கம்ப்யூட்டர்களில் அப்படி இல்லை என்பதால் பலருக்கு அந்தப் பயமே கிடையாது. ஸ்விட்சின் நான்கு முனைகளிலும் இருந்த ரப்பர் உறை மொத்தமாகக் காணவில்லை. பெயின்ட் அடிக்கக் கழற்றியவர் வெறும் தகடாகவே திரும்பச் சொருகியிருக்கிறார். தகரக் கேஸுக்கும் அதற்கும் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அப்பாவுக்கு 74 வயது. அந்தக் கேஸ் மேல் கை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

ஆமாம், பெயின்ட். பெராக்சைடு, வெயில் எல்லாம் வீடியோவுக்குத்தான். எங்கள் முகப்பில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்திருந்தார். வேகத்தை மாற்றும் டர்போ பட்டன் பெயின்டில் ஒட்டி உள்ளேயே நின்றுவிட்டது. 4 ஜிபி கார்டில் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 504 எம்.பி. மட்டும். அந்தப் பயாஸ்களின் எல்லையே அவ்வளவுதான். அதைத் தாண்ட எக்ஸ்டி-ஐடிஇ என்ற கூடுதல் பயாஸை ஒரு ரோம் சிப்பில் எழுதி நெட்வொர்க் கார்டில் வைக்கலாம் என்பது இந்தத் துறையில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. ராம் மட்டும் சொன்னபடி 16 எம்.பி. இருந்தது. அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த ஹார்ட் டிஸ்க். கேஸுக்குள் அது இல்லை. கார்டை அதற்குப் பதிலாகத்தான் போட்டிருந்தார். போன் செய்தேன். "அது டெட் சார். ஸ்கிராப்ல போட்டாச்சு. கார்டு ஃபாஸ்டா இருக்கும்ல?" என்றார். நான் கொடுக்கும்போது அது சுற்றியது என்றேன். "சுத்துறதெல்லாம் ஒர்க்கிங்னு சொல்ல முடியாது" என்றார்.

1996 கோடை விடுமுறையில் தாத்தா சொல்லச் சொல்ல அப்பா பேஜ்மேக்கரில் தட்டிய நாற்பது பக்கம் அந்த டிஸ்க்கில் இருந்தது. எங்கள் குடும்பம் வடவாற்றுக் கரைக்கு வந்தது, 1952 புயலில் தோப்பு மொத்தமாகச் சாய்ந்தது, ஆத்தா நெல் பத்தாயத்தை விற்றுப் பெரியப்பாவைப் படிக்க வைத்தது, எல்லாம். அடுத்த வருஷம் தாத்தா போய்விட்டார். ஃப்ளாப்பியில் எடுத்த இரண்டு நகலும் பூஞ்சை பிடித்துப் படிக்க முடியாமல் போயின. பிரின்ட் எடுக்கவில்லை. புத்தகமாகப் போடும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்திருந்தார்.

இந்த மாதிரிப் பழைய டிஸ்க்கை மாட்டும் ஐடிஇ கேபிள் உள்ள ஒரு பென்டியம் 4 கம்ப்யூட்டர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நான்கு ஸ்க்ரூ கழற்றி டிஸ்க்கை அதில் மாட்டியிருந்தால் ஒரு மணி நேர வேலை. நம்மால் கெட்டுவிடக் கூடாது என்று பயந்து கைவைக்காமல் விட்டேன். யாரிடம் கொடுத்தாலும் சரி, டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். மதர்போர்டைச் சரிசெய்ய அது தேவையே இல்லை. டிஸ்க் இல்லாமல் முடியாது என்று சொல்பவரிடமிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒவ்வொரு சிப்பின் மேலுள்ள எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்து, கொடுப்பதற்கு முன்பே அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றும், செத்தது என்று சொன்னாலும், திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நான் கேஸின் வெளிப்புறத்தை மட்டும் போட்டோ எடுத்திருந்தேன். சிப் மாறியதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அப்பாவின் புத்தகமும் அந்த ஜம்பரும்தான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பதில் வரவில்லை. அதனால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த தொகைக்குக் கட்டணம் கிடையாது; நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீதுகளையும் வாட்ஸாப் உரையாடல்களையும் சேர்த்திருக்கிறேன். அவரிடம் கொடுத்து இதே போல் ஏமாந்த இன்னொருவர் கோவையிலிருந்து பேசினார். அவரும் சேர்ந்து மனு கொடுக்கிறார்.

டிவி அண்ணன் வார்னிஷைச் சுரண்டி, வினிகர் போட்டுக் கழுவி, ஏழு தடங்களை ஒட்டி, கீபோர்டை உயிர்ப்பித்துவிட்டார். பேட்டரிக்குப் போர்டிலேயே இருந்த நான்கு பின் வெளி இணைப்பில் மூன்று பென்சில் செல்லை நீண்ட ஒயரில் மாட்டி, போர்டிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார். இனி கசிந்தாலும் போர்டைத் தொடாது. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அந்த ஸ்கிராப் எங்கே போனது என்று விசாரித்து, சென்னையில் மூன்று பழைய சாமான் கிடங்குகளுக்குப் போய்வந்தேன். கிடைக்கவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்குகளைக் கிலோ கணக்கில் வாங்குபவர்கள், பிரிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கானர், 420 எம்.பி., மூன்றரை அங்குலம். மேல் லேபிளின் ஓரத்தில் நீல மையில் அப்பா கையெழுத்தில் "அழிக்காதே" என்று எழுதியிருக்கும். அது கண்ணில் பட்டால் பிரிக்காமல் எடுத்து வைத்து எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். சுற்றாவிட்டாலும் பரவாயில்லை. எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.