டீக்கடை பெஞ்சா, போன் குரூப்பா: பிரேசில்–அர்ஜென்டினா சண்டைக்கு எது நல்ல களம்?

கால்பந்து உலகக் கோப்பை வந்தால், பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறை இரண்டு கட்சியாகிவிடும். பிரேசிலின் மஞ்சள் ஒரு பக்கம், அர்ஜென்டினாவின் நீலமும் வெள்ளையும் ஒரு பக்கம். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும், பந்து விஷயத்தில் நாங்கள் முழுக் கேரளம். 2022இல் கோழிக்கோடு மாவட்டத்துப் புள்ளாவூரில் ஆற்றுக்கு நடுவே அர்ஜென்டினாக்காரர்கள் மெஸ்ஸிக்கு 30 அடி கட்-அவுட் நட்டார்கள். விடுவார்களா பிரேசில்காரர்கள், நெய்மருக்கு 40 அடி. இங்கே அத்தனை காசு புரளாது. பனைமரத்தில் கொடி, முக்கில் ஒரு பேனர், அவ்வளவுதான். வாய்ச்சண்டைக்கு மட்டும் குறைவே இல்லை.

அந்தச் சண்டை இப்போது இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று டீக்கடை பெஞ்ச், இன்னொன்று போனில் இருக்கும் ரசிகர் குரூப். இரண்டிலும் எனக்கு இடம் உண்டு. நான் பிரேசில் கட்சி, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குரூப்புக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். எங்கள் கட்சிப் பெரியவர் ஒருவர், "உலகக் கோப்பையில நாங்க உங்ககிட்ட தோத்ததே இல்ல" என்று பெஞ்சில் பல வருடமாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். குரூப்பில் ஒரு பையன் கணக்கை எடுத்துப் போட்டான். இரு அணிகளும் உலகக் கோப்பையில் மோதியது நான்கே முறை. 1974இல் பிரேசில் 2–1, 1978இல் கோல் இல்லாத டிரா, 1982இல் பிரேசில் 3–1, 1990இல் மரடோனா கொடுத்த பந்தை கனீஜியா உள்ளே தள்ளி அர்ஜென்டினா 1–0. அதோடு பெரியவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். டீக்கடையில் யார் குரல் ஓங்கியதோ அவர் சொன்னது வரலாறு. போனில் அந்த வித்தை ரொம்ப நாள் ஓடாது.

ஆனால் அதே கணக்கு அங்கே ஆயுதமாகவும் மாறுகிறது. ஆளாளுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறார்கள். முதலாவதாக, இரண்டாவதாக, ஆதாரம் எங்கே, அட்டவணை இதோ. நான் அந்த அட்டவணைகளை உட்கார்ந்து படித்திருக்கிறேன். சூட்சுமம் எல்லாம் ஆரம்ப வருடத்தில் இருக்கிறது. 1958லிருந்து எண்ணினால் பிரேசிலுக்கு ஐந்து கோப்பை, அர்ஜென்டினாவுக்கு மூன்று. 2003லிருந்து எண்ணினால் பிரேசிலுக்கு ஒன்றுமில்லை, அர்ஜென்டினாவுக்கு 2022 இருக்கிறது. 1987இல் தொடங்கி 2021இல் முடித்தால் பிரேசிலுக்கு 1994, 2002 என்று இரண்டு, அர்ஜென்டினாவுக்குச் சுழியம். மூன்று கணக்கும் சரி. ராத்திரியில் வரப்புக்கல்லை நகர்த்தி வைத்துவிட்டு, காலையில் அளந்து பார்த்துக்கொள் என்று கயிற்றை நீட்டுகிற வேலை இது. எங்கள் கட்சிக்காரர்களும் இதைச் செய்கிறார்கள். யார் செய்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் அந்த ஏழு. 2014இல் பிரேசிலும் ஜெர்மனியும் மோதிய அரையிறுதி நம் ஊர் நேரத்துக்கு நடுநிசி தாண்டி ஒன்றரைக்குத் தொடங்கியது. நெய்மருக்கு முதுகெலும்பில் அடி, கேப்டன் தியாகோ சில்வாவுக்குத் தடை. 23ஆவது நிமிடத்திலிருந்து 29ஆவது நிமிடத்துக்குள் ஜெர்மனி நான்கு கோல் போட்டது, முடிவில் 7–1. குரூப்பில் இதற்கு விளக்கமே வேண்டாம். எந்தப் பேச்சு நடந்தாலும் நடுவே '7' என்று ஒற்றை எண் வந்து விழும். போட்டவன் முகம் தெரியாது, வாங்கியவன் முகமும் அவனுக்குத் தெரியாது. பெஞ்சிலும் அதே ஏழு வரும்தான், ஆனால் "அண்ணா, டீ ஏழுங்களா, எட்டுங்களா?" என்று கிளாஸ் எண்ணும் சாக்கில் வரும். கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. குரூப்பில் வாதம் தீர்ந்துபோனால் அடுத்து மொழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்களைப் 'பாண்டி' என்று, தமிழரை இளக்காரமாகச் சொல்லும் சொல்லால், ஒருவன் எழுதுவான். இந்தப் பக்கத்து ஆள் மலையாளிகள் எல்லோரையும் சேர்த்து ஒரு வசை எழுதுவான். மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் இதில் என்ன சம்பந்தம்? எங்கள் பெஞ்சில் இந்தப் பேச்சு வந்து நான் பார்த்ததில்லை. டீ ஆற்றுகிறவர் மலையாளி, குடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அம்மா வீடு பொள்ளாச்சிப் பக்கம். ஒரே ஆள் ஸ்கோரைத் தமிழில் சொல்லிவிட்டு ஆஃப்சைடுக்கு மலையாளத்தில் சண்டை போடுவார். அங்கே யாரை எந்த மொழிக்காரன் என்று பிரித்துத் திட்டுவது?

2022 நவம்பர் 22, சாயங்காலம். 36 ஆட்டம் தோற்காமல் வந்த அர்ஜென்டினா சவுதி அரேபியாவிடம் 1–2 என்று விழுந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன், அர்ஜென்டினா வெறியன், விசில் ஊதியதும் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான். அங்கே அவனைப் போட்டு அப்படி வறுத்தார்கள். ஆனால் டீக்கடையைத் தாண்டாமல் அவனால் வீட்டுக்குப் போக முடியாது. பத்தாம் நம்பர் பனியனோடு தலையைக் குனிந்துகொண்டு வந்தான். "முப்பத்தாறு ஊரு தாண்டி வந்த வண்டி, சவுதிக்காரன்கிட்ட பஞ்சராயிடுச்சே தம்பி" என்றேன். "டயரு மாத்திட்டு வர்றோமுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான். டீயும் குடித்தான்.

டிசம்பர் 9 ராத்திரி என் முறை. குரோஷியாவிடம் பெனால்டியில் பிரேசில் வெளியே போனது. அதே ராத்திரி நெதர்லாந்தை அதே பெனால்டியில் அர்ஜென்டினா தாண்டியது. குரூப்பில் எனக்கு என்னென்ன வந்திருந்ததோ, நான் திறக்கவில்லை. காலையில் கடைக்குப் போனேன். முன்பக்கத்தில் நெய்மர் அழும் படத்தோடு பத்திரிகை பெஞ்சில் விரிந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் தம்பி அதை நாலாக மடித்துத் தன் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

"அண்ணா, டீ சொல்லியாச்சுங்க" என்றான். நான் கிளாஸைக் கையில் வாங்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் ஆரம்பித்தான். "உங்க அஞ்சை நல்லா பூட்டி வைச்சுக்கங்க. நாங்க போயி மூணாவதை எடுத்துட்டு வந்துடறோம்."

எட்டு நாள் கழித்து எடுத்துக்கொண்டும் வந்தார்கள்.