ஜூடோவா, கராத்தேவா?

உடம்போடு மனசும் உறுதிப்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஜூடோதான். கனோ ஜிகோரோ 1882-இல் டோக்கியோவில் தொடங்கிய இந்தக் கலையில் முதலில் கற்றுத்தருவதே எப்படி விழுவது என்பதைத்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயைத் தட்டி விழ வேண்டும். அப்புறம் ரந்தோரி: எதிராளி உண்மையாகவே எதிர்த்து நிற்பார். ஒரே வகுப்பில் பலமுறை தூக்கி எறியப்படுவீர்கள். எழுந்து, மறுபடி பிடிப்பீர்கள். தோல்வி பயம் இப்படித்தான் கரைகிறது. உங்களை எறிகிறவரே, நீங்கள் பத்திரமாக விழுவதற்காக உங்கள் சட்டைக் கையை விடாமல் பிடித்திருப்பார். அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒகினாவாவில் வளர்ந்த கராத்தேயின் வழி வேறு. அதன் உயிர் கதா. ஒரே அசைவு வரிசையை ஆண்டுக்கணக்கில் தனியாகச் செதுக்குவது. மொட்டைமாடி போதும், துணை வேண்டாம். கவனம் சிதறுகிறவர்களுக்கும், விழுந்து அடிபட அஞ்சுகிறவர்களுக்கும் இதுவே சரி. ஆனால் பெல்ட் தேர்வுக்காகவே நடக்கும் வகுப்பு என்றால் சேராதீர்கள். குமித்தே, அதாவது எதிராளியோடு மோதும் பயிற்சி, வாராவாரம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.