பழவேற்காடா, ஜவ்வாது மலையா?

சென்னையிலிருந்து தை மாதத்தில் பறவையும் நட்சத்திரமும் பார்க்க ஒரு இரவு முகாம் போட இந்த இரண்டு இடங்களைத்தான் எப்போதும் யோசிப்போம்.

பறவை என்றால் பழவேற்காடுதான், யோசிக்கவே வேண்டாம். நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். விடியும்போது ஏரிக்கரையில் அசையாமல் நின்றால் பூநாரைகள் பக்கத்திலேயே மேயும். தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி தண்ணீரில் வைத்து, சேற்றுநீரை நாக்கால் உறிஞ்சித் தள்ளி, சின்ன இரையை மட்டும் வடிகட்டிக்கொள்ளும். அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் இரவில் தெற்கே எண்ணூர், சென்னைப் பக்க வெளிச்சம் அடிவானத்தை வெளுக்க வைத்துவிடும். அகத்திய நட்சத்திரம் தெரியும், மங்கலானவை தெரியாது.

ஜவ்வாது மலைக்குப் பயணம் நீளம், 200 கிலோமீட்டருக்கும் மேல். அந்த மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குவதே அந்த வானத்தின் இருட்டுக்குச் சாட்சி. அமாவாசையை ஒட்டிப் போங்கள், ஓரியன் விண்மீன் கூட்டத்தின் வாள் பகுதியில் நெபுலா (வாயுவும் தூசும் கலந்த மேகம்) வெறும் கண்ணுக்கே புகைபோலத் தெரியும். அப்புறம் ஸ்வெட்டர் அவசியம்.

குழந்தைகளோடு முதல் முறை என்றால் பழவேற்காடு. வானத்துக்காகவே என்றால் மலை.