வெயில் களிம்பும் செயற்கைத் தோலும்: வன்னி ஆய்வுகூடத்துக்கு எது பொருந்தும்?

வெயில் காப்புக் களிம்பின் குப்பியில் உள்ள எஸ்.பி.எப். எண், அதாவது வெயிலில் தோல் சிவப்பதை அது எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் எண், இன்றைக்கும் பெரும்பாலும் மனிதரின் முதுகில்தான் தீர்மானிக்கப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 24444 என்ற சர்வதேச நியமத்தின்படி, குறைந்தது 10 பேரின் முதுகில் சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் களிம்பைப் பூசி, கழியூதா விளக்கொளியைப் பாய்ச்சி, 16 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் தோல் எந்த அளவில் சிவக்கிறது என்று பார்க்கிறார்கள். சிவப்பு தெளிவாகத் தெரியவேண்டும் என்பதால் வெளிர்ந்த தோலுடையவர்களையே எடுக்கிறார்கள். பரந்தன் வயல்வெளியில் நாள் முழுவதும் நிற்பவரைப் போன்ற கருந்தோல் அந்தக் குழுவில் இடம்பெறாது.

மனிதத் தோல் என்பதால் விடை உறுதியானது என்றும் சொல்லிவிட முடியாது. 2025இல் அவுஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பான ‘சொய்ஸ்’ 20 களிம்புகளைச் சோதிப்பித்தபோது, 16 தமது குப்பியிலிருந்த எண்ணை எட்டவில்லை. 50+ என விற்கப்பட்ட ஒன்று வெவ்வேறு ஆய்வுகூடங்களில் 4 தொடக்கம் 64 வரை எண்களைப் பெற்றது. மனிதத் தோலுக்குப் பதிலாகக் களிம்பைப் பூசிச் சோதிக்கும் செயற்கைத் தளங்களின் மீது கவனம் திரும்புவதற்கு இத்தகைய குளறுபடிகளும் ஒரு காரணம்.

அவற்றுள் மலிவானது, காயக்கட்டுக்குப் பயன்படும் துளையிட்ட மருத்துவ ஒட்டுநாடா. 1989இல் டிஃபியும் றொப்சனும் இதன்மேல் களிம்பைப் பூசி, ஊடுருவும் கதிரை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். பாமசியிலேயே வாங்கக்கூடிய பொருள் என்பதால், கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ படிக்கும் மாணவருக்குச் செய்துகாட்ட இது போதும். ஆனால் அதைக்கொண்டு ஒரு களிம்பை நல்லது, கெட்டது என்று தீர்ப்பளிக்க நான் துணியமாட்டேன்.

அடுத்தது, பி.எம்.எம்.ஏ. எனப்படும், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய தெளிவான பிளாஸ்டிக் தகடு. நீளலை கழியூதாவை (யூ.வி.ஏ.) களிம்பு எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 24443 இதையே நம்பியிருக்கிறது. அச்சில் வார்த்த தகட்டில் சதுர சென்ரிமீற்றருக்கு 1.3 மில்லிகிராம் களிம்பைச் சிறு புள்ளிகளாக வைத்து, விரலால் பரப்பி, இருட்டில் அரைமணி நேரம் உலரவிட்டு, 290 முதல் 400 நனோமீற்றர் வரை அளக்க வேண்டும். வேலையின் சூட்சுமம் அந்த விரலில் இருக்கிறது. ஒருவர் சற்று அழுத்தினாலும் படலத்தின் தடிப்பு மாறிவிடும். பங்குனி, சித்திரை வெக்கையில் குளிரூட்டி இல்லாத அறையென்றால், பரப்பி முடிவதற்குள்ளேயே களிம்பு காயத் தொடங்கிக் கோடு கோடாக நின்றுவிடும். தவிர, இந்த நியமம் தகட்டில் அளந்த வரைகோட்டைச் சரிசெய்வதற்கு மனித முதுகில் பெற்ற எஸ்.பி.எப். எண்ணையே கடன் வாங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2024இல் வந்த ஐ.எஸ்.ஓ. 23675 அந்தக் கடனைத் தவிர்க்கிறது. இருவகைத் தகடுகளில் விரலுக்குப் பதிலாக இயந்திரக் கை பூசுகிறது. எனினும் தூளுக்கும் குச்சி வடிவப் பூச்சுக்கும் அது பொருந்தாது; அந்த இயந்திரத்தின் விலையும் நமது சிறு ஆய்வுகூடங்களுக்கு எட்டாது.

மூன்றாவது, புரதமும் இலிப்பிட்டும் சேர்த்து, தோலின் மேற்பரப்பு வரிகளையும் அமிலத்தன்மையையும் ஒத்திருக்கும்படி செய்யப்படும் செயற்கைத் தோல். ‘விற்றோ-ஸ்கின்’ இதில் பெயர்பெற்றது. களிம்பு பரவும் விதத்திலும் நீரில் கழுவுப்படும் விதத்திலும் இது பிளாஸ்டிக்கை விட மனிதத் தோலுக்கு நெருக்கமானது. அதற்கு விலை கொடுக்கவும் வேண்டும். பாவிக்கும் முன் ஓர் இரவு முழுவதும் கிளிசரின் கலந்த நீர் உள்ள மூடிய பெட்டியில் வைத்து ஈரமேற்ற வேண்டும். வெளியே எடுத்தால் காயத் தொடங்கும். சோளகம் அடிக்கும் மாதங்களில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்கிற வேலையல்ல இது.

தோலைச் செயற்கையாகப் பழுப்பாக்கும் பூச்சுகளுக்கு வந்தால் இந்தச் செயற்கைத் தோலுக்குப் போட்டியே இல்லை. அவற்றிலுள்ள டைஹைட்ரொக்சிஅசிற்றோன், தோலின் மேல்படையிலுள்ள அமினோ அமிலங்களோடு தாக்கம் புரிந்துதான் நிறம் தருகிறது. பாண் மேலோடு பழுப்பாவதும் இதே வகைத் தாக்கத்தால்தான். பி.எம்.எம்.ஏ. தகட்டில் அமினோ அமிலம் இல்லாததால் நிறமும் வராது. புரதமுள்ள செயற்கைத் தோலிலோ மணிக்கணக்கில் நிறம் ஏறுவதை நிறமானியால் தொடர்ந்து அளக்கலாம். ஆனால் அது செதிலுதிர்க்காது. ஆகவே மனிதரில் ஒரு வாரத்துக்குள் நிறம் மங்கிப்போவதை அதில் காண முடியாது.

வெள்ளையாக்கும் கிரீம் விற்கும் ஊரில் இந்தப் பூச்சு யாருக்கு என்று கேட்பார்கள். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு! அந்த இடங்களை மறைக்க இது நெடுங்காலமாகப் பயன்படுகிறது. ஆகவே வெளிநாட்டுக் கடற்கரைக்காரரின் மாநிறத்துக்கு அல்ல, நம்மவரின் கடும்பழுப்புக்குப் பொருந்தும் செறிவு எது என்று இங்கே செயற்கைத் தோலில் பார்ப்பது பயனுள்ள இறுதியாண்டு ஆய்வாக அமையும். இப்பூச்சு தரும் பழுப்பு வெயிலைப் பெரிதாகத் தடுக்காது என்பதையும் பாவனையாளருக்குச் சொல்லவேண்டும்.

ஒரு சிறு ஆய்வுகூடம் எதை வாங்குவது என்று கேட்டால், வெயில் களிம்புக்கு அச்சில் வார்த்த பி.எம்.எம்.ஏ. தகடுகளையும், பழுப்புப் பூச்சுக்கு மட்டும் சிறிதளவு புரதச் செயற்கைத் தோலையும் வாங்கச் சொல்வேன். நியமங்கள் 400 நனோமீற்றரோடு நிறுத்திக்கொள்கின்றன. கருந்தோலில் கருமையை மிகைப்படுத்துவதில் அந்த எல்லைக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. இரும்பு ஒட்சைட்டு கலந்த நிறக் களிம்புகள் அதைத் தடுக்கின்றனவா என்று அறிய, அதே தகட்டை 700 நனோமீற்றர் வரை அளந்தால் போதும். கருவி அந்த எல்லை வரை வேலைசெய்யுமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.